பி.வி. தோஷியைப் படிப்பது எப்படி: ஒரு ஆர்க்கிடெக்ட்டின் வாழ்க்கையை அட்டவணையில் தொடங்கி அரண்யா தெருவரை தேடிப் போக ஒரு வழி

கட்டடக் கலை மாணவர்களிடம் ஒரு ஆர்க்கிடெக்ட்டின் வாழ்க்கையையும் பணியையும் படித்து எழுதி வரச் சொன்னால் பெரும்பாலும் ஒரே மாதிரி ஷீட்தான் வரும். பிறந்த தேதி, படித்த கல்லூரி, நான்கு பளபளப்பான படங்கள், கீழே விருதுப் பட்டியல். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த மனிதர் ஏன் அப்படிக் கட்டினார் என்பது படித்தவருக்குக் கடைசிவரை தெரியாது. அவர் நகரத் திட்டமிடலும் செய்தவர் என்றால் இன்னும் கஷ்டம். ஒரு குடியிருப்பின் லேஅவுட் சரியா தப்பா என்று படத்தில் தெரியாது, இருபது முப்பது வருடம் மக்கள் அங்கே வாழ்ந்த பிறகுதான் தெரியும்.

அதனால் வேறு ஒரு வழியைச் சொல்கிறேன். உதாரணத்துக்கு பாலகிருஷ்ண விட்டல்தாஸ் தோஷியை எடுத்துக்கொள்கிறேன். கட்டடம், நகரத் திட்டம், கல்வி என்று மூன்றிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவர், அவருடைய முக்கியமான வேலைகளில் பலவற்றை நாம் ரயில் ஏறிப் போய் நேரில் பார்க்க முடியும். 2015இல் வந்த ஒரு தமிழ்ப் படத்தில் கட்டடக் கலை படிக்கும் நாயகி அகமதாபாத் போவாரே, அதில் தோஷியாகவே வந்து நடித்தவர் இவர்தான். மாணவர்களை மனதில் வைத்து எழுதினாலும், ஊர் சுற்றும்போது கட்டடங்களைக் கவனிக்கிற யாருக்கும் இது உதவும்.

முதலில் ஒரு அட்டவணை

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு ஏ3 தாளில் ஐந்து பத்திகள் போடுங்கள்: வருடம், அப்போது எந்த ஊரில் இருந்தார், யாருடன் வேலை செய்தார், பணம் யார் கொடுத்தார்கள், என்ன கட்டினார். இதில் நான்காவது பத்தியை எல்லாரும் விட்டுவிடுவார்கள், தயவுசெய்து விடாதீர்கள், அதுதான் முக்கியம்.

தோஷிக்கு இதை நிரப்பிப் பார்ப்போம். 1927 ஆகஸ்ட் 26, புனே. மரச்சாமான் செய்யும் குடும்பம், கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். 1947இல், நாடு விடுதலை பெற்ற அதே வருடம், பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் கட்டடக் கலை படிக்கச் சேர்கிறார். அப்புறம் லண்டன். 1951இல் லண்டனுக்கு அருகே ஹாடஸ்டனில் நவீனக் கட்டடக் கலைஞர்களின் சர்வதேச மாநாடு நடக்கிறது, பாரிஸில் இருந்த புகழ்பெற்ற நவீன ஆர்க்கிடெக்ட் லே கொர்பூசியே சண்டிகரைக் கட்டப்போகிறார் என்ற பேச்சு அங்கே காதில் விழ, பாரிஸுக்குப் போய் அவருடைய அலுவலகத்தில் சேர்ந்துவிடுகிறார். பிரெஞ்சு தெரியாது. முதல் எட்டு மாதம் சம்பளமும் கிடையாது. 1954இல் கொர்பூசியேயின் அகமதாபாத் கட்டடங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள இந்தியா திரும்புகிறார், அந்த ஊரிலேயே தங்கிவிடுகிறார். 1956இல் சொந்த அலுவலகம், பெயர் வாஸ்துசில்பா.

1962க்கு வந்ததும் தாள் நிரம்பி வழியும். அந்த ஒரே வருடத்தில் அகமதாபாத்தில் கட்டடக் கலைப் பள்ளி தொடங்குகிறது, தோஷிதான் நிறுவனர்-இயக்குநர். ஆர்க்கிடெக்ட் லூயி கானை அமெரிக்காவிலிருந்து அழைத்து வந்து ஐஐஎம் வளாகத்தை வடிவமைக்க வைக்கிற வேலையும் அதே வருடம், அதற்குப் பின்னால் இருந்தவர்களில் தோஷி முக்கியமானவர். இந்தியவியல் நிறுவனக் கட்டடமும் அதே நேரம். முப்பத்தைந்து வயது. அட்டவணை போடாமல் வாழ்க்கை வரலாறாகப் படித்தால் இவை மூன்று தனித்தனி அத்தியாயத்தில் கிடக்கும், ஒரே வரிசையில் சேர்ந்து வந்தது கண்ணில் படவே படாது.

சரி, பணப் பத்தி. மேலிருந்து கீழாக அதை மட்டும் படித்துப் பாருங்கள். முதலில் அகமதாபாத் பஞ்சாலை முதலாளிகள்: கஸ்தூர்பாய் லால்பாய், சாராபாய் குடும்பம். கொர்பூசியேயும் கானும் அந்த ஊருக்கு வர முடிந்ததே இப்படிப்பட்டவர்கள் இருந்ததால்தான். 1960களில் குஜராத் மாநில உரத் தொழிற்சாலை மாதிரி பொதுத்துறை வருகிறது, அதன் ஊழியர்களுக்கு வடோதராவில் ஒரு குடியிருப்பு நகரம். 1973இல் எல்ஐசி. 1980களில் இந்தூர் வளர்ச்சி ஆணையம். பணம் கொடுக்கிற கை மாற மாற, கட்டடத்துக்குள் வாழப்போகிறவரும் மாறிக்கொண்டே வருகிறார்: ஆலை முதலாளி, தொழிற்சாலை ஊழியர், நடுத்தர வர்க்கக் குமாஸ்தா, கடைசியில் தள்ளுவண்டிக்காரர். மிகவும் அடித்தட்டில் இருப்பவருக்கு முறையான வீடு தருவதை ஆயுள் முழுக்க மறக்காத உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தோஷியின் 1954ஆம் வருடத்து வாக்கியத்தை கட்டடக் கலையின் மிகப் பெரிய சர்வதேச விருதான பிரிட்ஸ்கர் பரிசின் குழு மேற்கோள் காட்டியது. அந்த உறுதிமொழி இந்தூரில் ஏழைகளை மனதில் வைத்துத் திட்டமிட்ட அரண்யா குடியிருப்பாக மாற ஏன் முப்பது வருடம் ஆனது என்பதற்குப் பாதி பதில் இந்தப் பத்தியிலேயே இருக்கிறது. ஆர்க்கிடெக்ட் மனதில் நினைத்தால் மட்டும் போதாது, அந்த மாதிரி வேலையைக் கொடுக்க ஒரு நிறுவனமும் இருக்க வேண்டும்.

வருடங்களைக் குறிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே கட்டடத்துக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வருடம் போட்டிருப்பார்கள், வரையத் தொடங்கிய வருடமா, கட்டி முடித்த வருடமா என்று சொல்லாமல். ஐஐஎம் பெங்களூரு 1977இல் தொடங்கி 1992வரை போன வேலை. இரண்டையும் எழுதுங்கள், இடைவெளியே நிறையச் சொல்லும்.

குருக்களைப் பக்கத்தில் வைத்து வரைவது

கொர்பூசியேயிடம் இதைக் கற்றார், கானிடம் அதைக் கற்றார் என்று வாக்கியமாக எழுதுவது சுலபம். அதற்குப் பதில் பென்சிலை எடுத்து இரண்டு செக்‌ஷன் வரையுங்கள். மேலிருந்து பார்க்கிற பிளான் வேண்டாம், முகப்பைக் காட்டுகிற எலிவேஷனும் வேண்டாம், கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டுகிற செக்‌ஷன்.

ஒன்று கொர்பூசியே அகமதாபாத்தில் கட்டிய சாராபாய் வீடு: தாழ்வான வளைவுக் கூரைகள் வரிசையாக, மேலே மண்ணும் புல்லும். இன்னொன்று தோஷி தன் அலுவலகத்துக்காகவே கட்டி 1980இல் முடித்த சங்காத். இதிலும் வளைவுக் கூரைகள்தான், ஆனால் கட்டடத்தில் ஒரு பகுதி தரைக்குக் கீழே இறங்கியிருக்கும், கூரைமேல் வெள்ளைப் பீங்கான் ஓட்டுத் துண்டுகள் பதித்து வெயிலைத் திருப்பி அனுப்பியிருப்பார், மழைநீர் வாய்க்கால் வழியாக ஓடிக் குளத்துக்கு வரும், பக்கத்தில் புல் படிக்கட்டு மாதிரி உட்காரும் இடம். இரண்டையும் ஒரே அளவில் ஒரே தாளில் வரைந்தால், எதை அப்படியே எடுத்துக்கொண்டார், எதை அகமதாபாத் வெயிலுக்கு ஏற்ப மாற்றினார் என்பதை உங்கள் கையே கண்டுபிடித்துவிடும். இருபத்தைந்து வருட இடைவெளியில் ஒரு மாணவர் குருவுக்கு எழுதிய பதில் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

கானுக்கும் இதே போல ஐஐஎம் அகமதாபாத்தின் செங்கல் வளைவுகளையும் தோஷியின் செப்ட் கட்டடத்தையும் (1962இல் தொடங்கிய அந்தக் கட்டடக் கலைப் பள்ளிதான் இன்று செப்ட் பல்கலைக்கழகம்) எடுத்துக்கொள்ளலாம். கான் 1974இல் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்துபோனார். வளாகத்தின் மிச்ச வேலையைத் தொடர்ந்தவர்களில் அனந்த் ராஜே முக்கியமானவர், அவர் பெயரையும் அட்டவணையில் சேருங்கள். மகேந்திர ராஜையும் சேருங்கள். தோஷி அகமதாபாத்தில் கட்டிய தாகூர் மண்டபத்தின் மடிப்பு மடிப்பான கான்கிரீட் சுவர்களை நிற்க வைத்த ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் அவர். எஞ்சினியர் பெயர் இல்லாத ஆர்க்கிடெக்ட் வரலாறு அரைகுறைதான், இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

எங்கே, எந்த வரிசையில் போவது

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் பெங்களூருவில் தொடங்குங்கள். பன்னர்கட்டா சாலையில் உள்ள ஐஐஎம் வளாகம், முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போக வேண்டும். உள்ளூர் கருங்கல், நீண்ட நடைக்கூடங்கள், சில இடத்தில் மேலே கூரை, சில இடத்தில் வெறும் கான்கிரீட் சட்டங்கள், சில இடத்தில் வெறும் வானம். இந்த வளாகத்துக்கு தோஷி சொன்ன முன்மாதிரிகள் ஃபதேபூர் சிக்ரியும் மதுரையும். அதனால் முடிந்தால் அதற்கு முந்தைய வாரம் மீனாட்சி அம்மன் கோயில் பிராகாரத்தில் ஒரு முழுச் சுற்று நிதானமாக நடந்துவிட்டுப் போங்கள். இருட்டான மண்டபத்திலிருந்து பொற்றாமரைக் குளத்து வெளிச்சத்துக்கு வரும்போது கண் என்ன செய்கிறது என்று கவனித்திருந்தால், பெங்களூருவில் அதே விஷயம் வகுப்பறைக்குப் போகிற வழியில் நடப்பதை உடனே கண்டுகொள்வீர்கள்.

பிறகு அகமதாபாத். முதல் நாள் தோஷியின் கட்டடம் எதையும் பார்க்காதீர்கள். பழைய நகரத்தின் போள்களில், அதாவது ஒரே வாசல் வழியாக நுழைகிற அந்தக் குறுகலான குடியிருப்புத் தெருக்களில் நடங்கள். மாலையில் சர்க்கேஜ் ரோசா, குளத்தைச் சுற்றி மசூதியும் கல்லறைகளும் இருக்கிற பழைய வளாகம். நேரம் இருந்தால் அடாலஜ் படிக்கிணறு, தரைக்குக் கீழே இறங்க இறங்கச் சூடு எப்படிக் குறைகிறது என்பதை உடம்பால் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. இதையெல்லாம் பார்த்தபின் சங்காத்துக்குப் போனால் அது ஏன் பாதி மண்ணுக்குள் இருக்கிறது என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஆசிரமச் சாலையில் ஆலை உரிமையாளர் சங்கக் கட்டடம், கொர்பூசியேயுடையது, சபர்மதிக் கரையில். அங்கிருந்து பால்டி. அங்கே கொர்பூசியேயின் சன்ஸ்கார் கேந்திரா அருங்காட்சியகமும் தோஷியின் தாகூர் மண்டபமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, வெளியிலிருந்து பார்த்தாலே போதும். மதியம் செப்ட். அந்த வளாகத்தில் எந்த இடத்தில் வெளியே முடிந்து உள்ளே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முயற்சி செய்யுங்கள், திணறுவீர்கள், தோஷிக்கு வேண்டியதும் அதுதான். செப்ட்டை ஒட்டியே அம்தாவாத் நி குஃபா இருக்கிறது. ஓவியர் எம்.எஃப். ஹுசைனோடு சேர்ந்து 1990களின் நடுவில் செய்த நிலத்தடிக் கலைக்கூடம். ஒரு அங்குலக் கனத்தில் கம்பி வலையும் சிமெண்டுக் கலவையுமான கூடு, சாய்ந்த தூண்கள், மேலே குழாய் மூக்கு மாதிரி துவாரங்கள் வழியாக விழும் வெளிச்சம். பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல், தேர்ந்த கட்டடத் தொழிலாளிகளும் இல்லாமல், கைக் கருவிகளோடு கட்டியது. திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள், நாள் முழுக்கத் திறந்திருக்காது.

சங்காத் இன்றும் வேலை நடக்கிற அலுவலகம், பேத்தி குஷ்னு பந்தாகி ஹூஃபும் மற்றவர்களும் நடத்துகிறார்கள், எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். தோஷி தனக்காகக் கட்டிய கமலா இல்லம், சாராபாய் வீடு எல்லாம் குடும்பங்களின் வீடுகள். வாசலில் நின்று எட்டிப் பார்த்துப் படம் எடுப்பது வேண்டாம்.

எந்த இடத்துக்குப் போனாலும் கேமராவைப் பையில் வைத்துவிட்டு ஒரு டேப்பை வெளியே எடுங்கள். நடைக்கூடத்தின் அகலம், படியின் உயரம், உட்காரும் திண்டின் உயரம், ஜன்னல் அடிமட்டம். அப்புறம் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யார் எங்கே நிற்கிறார்கள், எந்தத் தூணில் சாய்கிறார்கள், நிழல் நகர நகர ஆட்களும் எப்படி நகர்கிறார்கள் என்று பிளான்மேல் புள்ளி வையுங்கள்.

வீடுகளைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும்

நேரம் குறைவாக இருந்தால் மேலே சொன்னதில் பாதியை விட்டுவிடலாம், ஆனால் குடியிருப்புகளை விடக் கூடாது.

அகமதாபாத்திலேயே பீமாநகர் இருக்கிறது, 1973இல் எல்ஐசிக்காகக் கட்டியது, 300க்கும் மேற்பட்ட வீடுகள். வழக்கமான அடுக்குமாடியில் எல்லாத் தளமும் ஒரே அளவு. இங்கே பெரிய வீடு தரைத்தளத்தில், அதைவிடச் சிறியது நடுவில், மிகச் சிறியது மேலே, கூம்பு போலக் குறுகிக்கொண்டே போகும். அதனால் மேலே இருப்பவருக்குக் கீழ்வீட்டின் கூரை மொட்டைமாடியாகக் கிடைக்கிறது. வெவ்வேறு வருமானக்காரர்கள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். குடும்பம் வளர வளர, காலி இடத்தில் ஒரு அறை சேர்த்துக்கொள்ளலாம். இன்று போய்ப் பார்த்தால் முதலில் வரைந்த எலிவேஷனைக் கண்டுபிடிப்பதே சிரமம், கிரில், ஷீட் கூரை, புது பால்கனி, புது பெயின்ட். புகைப்படக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்த மாற்றங்கள் நடக்க வேண்டும் என்றுதான் தோஷி இடம் விட்டார், ஆகவே நீங்கள் வரைய வேண்டியது அந்த மாற்றங்களைத்தான். பழைய பிளானை ஒரு நிறத்தில் போட்டு, மக்கள் சேர்த்ததை இன்னொரு நிறத்தில் மேலே போடுங்கள்.

அடுத்தது அரண்யா. இந்தூரின் வடக்கே, மும்பை–ஆக்ரா நெடுஞ்சாலையை ஒட்டி சுமார் 85 ஹெக்டேர், 6,500 வீடுகளுக்கு மேல், இன்று 80,000 பேருக்கு மேல் வாழும் இடம். திட்டத்துக்கு முன்னால் வாஸ்துசில்பா அறக்கட்டளையும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழுவும் இந்தூரின் குடிசைப் பகுதிகளை அளந்து வரைந்தார்கள். வீட்டு வாசலில் இருக்கும் மேடை, நம் திண்ணைக்கு குஜராத்தில் ஓட்லா என்பார்கள், அதில் என்னென்ன நடக்கிறது, எந்த மரத்தடியில் எந்தக் கடை, தெருவில் எங்கே துணி காய்கிறது, எங்கே பீடி சுற்றுகிறார்கள். வறுமையாக மட்டும் பார்க்கப்பட்ட இடத்தில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை அளவெடுத்துக் காட்டிய வேலை அது. நகரத் திட்டமிடல் படிப்பவர்கள் அந்த வரைபடங்களைத் தேடிப் பிடித்துக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அதன்மேல் போட்ட திட்டத்தின் கணக்கு இதுதான். நெடுஞ்சாலையோரத்திலும் ஓரங்களிலும் பெரிய மனைகளை வசதியுள்ளவர்களுக்கு விற்பது, அந்த லாபத்தை ஏழைகளுக்கான சிறு மனைகளுக்குத் திருப்புவது. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர், மொத்த மனைகளில் பெரும்பகுதி இந்த வகைதான். அதில் முழு வீடு கட்டித் தரவில்லை. அடித்தளம், கழிவறை, குளிக்கும் இடம், தண்ணீர், மின்சாரம், வசதியைப் பொறுத்து ஒரு அறை. மிச்சத்தை அந்தக் குடும்பம் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ள வேண்டும். எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட தோஷியின் அலுவலகம் சில மாதிரி வீடுகளை மட்டும் கட்டிக் கொடுத்தது. புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் நீங்கள் பார்க்கும் அழகான அரண்யா படங்களில் பெரும்பாலும் இருப்பது அந்த மாதிரி வீடுகள்தான். இதைத் தெரியாமல் அவற்றையே அரண்யா என்று எழுதிவிடாதீர்கள்.

அங்கே போனால் பார்க்க வேண்டியது தெருவின் அகலம், அது எங்கே சற்று விரிந்து ஒரு சிறு சதுக்கமாகிறது, வாசல் மேடைகளை இன்னும் விட்டு வைத்திருக்கிறார்களா இல்லை மூடி அறையாக்கிவிட்டார்களா, எத்தனை வீட்டின் முன்பக்கம் கடையாகிவிட்டது. மனையை விற்றுவிட்டுப் போன குடும்பங்களும் உண்டு, இரண்டு மூன்று மனைகளைச் சேர்த்துக் கட்டியவர்களும் உண்டு, மாதிரி வீடுகளே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. இது தோல்வியா? வெளிப்புறத் தோற்றம் மாறியதைத் தோல்வியில் சேர்க்க மாட்டேன். ஆனால் முதலில் மனை வாங்கிய ஏழைக் குடும்பம் அங்கேயே இருந்து வளர்ந்ததா, விலை ஏறியதும் வெளியே போக வேண்டி வந்ததா என்பது உண்மையான கேள்வி, அதைக் கேட்காமல் எழுதப்படும் எந்தப் பாராட்டையும் நான் முழுசாக நம்புவதில்லை. தெருவில் வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஹிந்தி கொஞ்சம் தெரிந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு போய், முதலில் நலம் விசாரித்து, அவர்கள் சம்மதித்தால் கேளுங்கள்: எப்போது வந்தீர்கள், முதலில் எந்த அறை கட்டினீர்கள், மாடி எப்போது எழும்பியது. அவர்கள் சொல்கிற வரிசையை அப்படியே சின்னச் சின்ன பிளான்களாக வரைந்தால், அதுதான் உங்கள் ஆய்வின் மிகச் சிறந்த பக்கமாக இருக்கும். பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதாதீர்கள், படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

போக முடியாதவர்கள் கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களைத் திருப்பிப் பார்க்கலாம், எந்த மனை எப்போது நிரம்பியது என்று ஓரளவு தெரியும். ஜெய்ப்பூரின் வித்யாதர் நகருக்கும் இதையே செய்யுங்கள். 1980களில் தோஷி போட்ட அந்தத் திட்டத்தை அச்சில் வந்த வரைபடமாக ஒரு பக்கமும், இன்றைய செயற்கைக்கோள் படத்தை மறுபக்கமும் வைத்தால், தாளில் போட்ட கோட்டில் எவ்வளவு தரையில் இறங்கியது என்று தெரியும். அந்த வித்தியாசத்தையும் அளந்து எழுதுங்கள், திட்டமிடுபவரின் வாழ்க்கையில் அதற்கும் இடம் உண்டு.

விருதுகளை எங்கே வைப்பது

ஒரே பத்தியில் கடைசியில். பத்மஸ்ரீ 1976, அரண்யாவுக்கு ஆகா கான் விருது 1995, பிரிட்ஸ்கர் 2018, அதைப் பெற்ற முதல் இந்தியர். பத்மபூஷண் 2020, பிரிட்டனின் ராயல் தங்கப் பதக்கம் 2022. 2023 ஜனவரி 24 அன்று 95 வயதில் அகமதாபாத்தில் காலமானார், பத்மவிபூஷண் அதன் பிறகே அறிவிக்கப்பட்டது. பிரிட்ஸ்கர் வந்தபோது தொண்ணூறு வயது, அதற்குள் அட்டவணையின் முக்கியமான வரிகள் எல்லாம் எழுதப்பட்டுவிட்டன. செப்ட்டில் அவர் கட்டி எழுப்பிய கல்விக்கு விருதுப் பட்டியலில் தனி வரி இல்லை, ஆகவே அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்: 1962 கட்டடக் கலைப் பள்ளி, 1972 திட்டமிடல் பள்ளி, இரண்டுக்கும் முதல் இயக்குநர் அவர்.

இது முடிந்ததும் அதே தாளில் இன்னொரு நிறத்தில் சார்லஸ் கொரியாவைச் சேருங்கள். 1963இல் அதே அகமதாபாத்தில் காந்தி ஆசிரமத்து அருங்காட்சியகம், 1960களின் நடுவில் பிரவீணா மேத்தா, ஷிரிஷ் படேல் ஆகியோரோடு சேர்ந்து நவி மும்பைக்கான யோசனை, 1980களில் பேலாப்பூரில் வளரக்கூடிய வீடுகள். அரண்யாவும் பேலாப்பூரும் கிட்டத்தட்ட ஒரே காலம், கேள்வியும் ஒன்றே. அடுத்த பயணத்துக்கு பேலாப்பூர் தெருக்களின் அகலத்தை அளந்து வந்து இரண்டையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள்.